நாற்பது நிமிடம்

ஃப்ரெஸ்னோவில் ஜூன் மாதம்.
கல்லூரியின் ஏசி மூன்றாம் நாளே மூச்சை விட்டது.
பன்னிரண்டு பேர், ஒன்பது தாய்மொழி,
ஆளுக்கொரு பெயரட்டை.
யுரிடியா என்பதை மூன்று விதமாகக் கூப்பிட்டார்கள்,
மூன்றுக்கும் திரும்பிப் பார்த்தேன்.

தாய் சேய் நலத்தின் நாளைய தலைவர்கள் நீங்கள்
என்றது சுவரில் விழுந்த வெளிச்சம்.
பக்கத்திலிருந்த ஹ்மாங் பெண் பா ஞியா
என் காதில் கேட்டாள்:
"தலைவர்களுக்கு மதியச் சாப்பாடு உண்டா?"

முதல் பயிற்சி.
நீ முதன்முதலில் தலைமை தாங்கிய தருணத்தை எழுது.
பதினைந்து நிமிடம்.
ஹர்நூர் கைப்பந்து அணியை எழுதினாள்.
எங்களில் ஒரே ஆண் ட்ரெமைன்,
தேவாலயத்தில் கைக்குழந்தைகளின் அறையை
மூன்று வருடம் பார்த்துக்கொண்டதை எழுதினான்.
நான் தாளின் தலையில் தேதி மட்டும் போட்டேன்.

வீட்டில் நான் தலைச்சன்.
தலைமை பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.
திராட்சைத் தோட்டக் கங்காணியின் கணக்கு,
மின்சார பில், தம்பியின் ஆசிரியை,
எல்லாவற்றுக்கும் நடுவில் என் நாக்கு.
அம்மாவுக்கு மிக்ஸ்டெக் மட்டும்.
ஸ்பானிஷும் அவளுக்கு அந்நியம் என்று
ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது.
ஜெல் தடவிய வயிற்றின் மேல்
டாக்டரின் கை அசையாமல் நின்றது.
குனிந்து என்னிடம் சொன்னார்,
மெதுவாக, இரண்டு முறை.
புரிந்தது.
அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பாப்பா தூங்குறாளாம்" என்றேன்.

மறுபடி வரச்சொன்ன தேதிவரை
மூன்று இரவு
அந்தத் தூக்கம் கலைந்துவிடாமல்
புரளாமல் படுத்திருந்தாள்.

ஐந்தாம் வாரம் எண்கள்.
ஆயிரம் பிறப்புக்கு எத்தனை இறப்பு,
எந்த நிறத்துக்கு எத்தனை.
ட்ரெமைன் பென்சிலை வைத்துவிட்டு எழுந்துபோய்
கார் நிறுத்துமிடத்து வெயிலில் நின்றான்.
பா ஞியா ஒரு தண்ணீர் பாட்டிலை
அவன் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.
அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஏழாம் வாரம் மருத்துவமனை.
பார்ப்பது, குறிப்பெடுப்பது, வாயை மூடிக்கொள்வது
என் வேலை.
நான்காம் அறையில் ஒரு பெண்,
முழங்கால்வரை தோட்டத்துப் புழுதி.
கட்டில் கம்பியைப் பிடித்தபடி
முன்பல் விழுந்த பையன், எட்டு இருக்கும்.
டாக்டர் ஸ்கேன் திரையைத் தன்பக்கம் திருப்பிக்கொண்டார்.
பிறகு பையன் பக்கம் குனிந்தார்.

அந்தக் குனிவு எனக்குத் தெரியும்.

"நிறுத்துங்க."
நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.
இவன் சொல்லக் கூடாது. இவன் கேட்கவும் கூடாது.
அந்தப் பேச்சு தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.
"உனக்குத்தான் மிக்ஸ்டெக் தெரியுமே?"
அவள் மலை வேறு, எங்கள் மலை வேறு.
பாதி புரியும். இதற்குப் பாதி போதாது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.
வெளியே ஏழு கர்ப்பிணிகள் காத்திருந்தார்கள்.
தொலைபேசியின் மறுமுனையில்
அந்த மலைக்காரி ஒருத்தி கிடைக்க
நாற்பது நிமிடம் ஆயிற்று.

(பிற்பாடு என் மதிப்பீட்டுத் தாளில்
"குறுக்கிட்டாள்" என்று ஒரே சொல்.
பாராட்டா புகாரா, இன்றுவரை கேட்கவில்லை.)

நடைபாதையில் பையனோடு உட்கார்ந்தேன்.
சிப்ஸ் இயந்திரம் என் டாலரை இரண்டு முறை துப்பி
மூன்றாம் முறை விழுங்கியது.
"அம்மாவுக்கு என்ன?"
அவங்ககிட்டயே சொல்லுவாங்க. அது உன் வேலை இல்ல.
"அப்போ என் வேலை?"
பதில் தேடினேன். ஏழு வாரப் பாடத்திலும் இல்லை.
இந்தப் பொட்டலத்தை முடிக்கிறது, என்றேன்.
யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டான்.
ஆரஞ்சுப் பொடி படிந்த விரல்களை
என் குறிப்பேட்டில் துடைத்தான்.

கதவு திறந்தது.
சட்டென்று எழுந்துவிட்டான், பழக்கம்.
சட்டையைப் பிடித்து இழுத்து
மறுபடி உட்காரவைத்தேன்.
இன்னும் நாலைந்து பாக்கி இருந்தது.